பாட்டின் அடிவரியைப் படித்தல்: இர்விங் பெர்லினின் தொழில் வாழ்க்கையை நாமே தொகுப்பது எப்படி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாட்டு எழுதியே பிழைத்த ஒருவரைப் பற்றிக் கட்டுரை எழுத நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் அவருடைய வாழ்க்கை வரலாற்று நூலைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள். அப்படித் தொடங்கினால் முதல் இருபது பக்கங்களுக்குள்ளேயே கதைகளில் சிக்கிக்கொள்வோம். அந்தக் காலத்துப் பாட்டுக்காரர்களுக்குத் தங்களைப் பற்றிய கதையும் ஒரு விற்பனைச் சரக்குதான். பத்திரிகையாளரிடம் சொன்ன கதை நூலுக்குள் புகுந்து, அந்த நூலிலிருந்து அடுத்த நூலுக்குத் தாவி, இன்று இணையத்தில் மறுபேச்சில்லாத உண்மையாக உட்கார்ந்திருக்கிறது. ஆகவே நான் இங்கே சொல்லும் முறை தலைகீழானது: கடையில் சில சென்டுகளுக்கு விற்ற அச்சுத்தாளில் தொடங்கி, வாழ்க்கை வரலாற்றுக்குக் கடைசியில் வந்து சேர்வது.

எடுத்துக்காட்டாக இர்விங் பெர்லினை எடுத்துக்கொள்கிறேன். 1888 மே 11 அன்று ரஷ்யப் பேரரசில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்து, 1893-இல் ஐந்து வயதுச் சிறுவனாக நியூயார்க்கில் வந்திறங்கி, முறையான இசைப் பயிற்சி ஏதுமின்றி ஏறத்தாழ 1,500 பாட்டுகளை எழுதி, 1989 செப்டம்பர் 22 அன்று தமது 101-ஆம் வயதில் மறைந்தவர் அவர். புகழுக்காக அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவருடைய அச்சுத்தாள்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன என்பது ஒரு காரணம். ஒவ்வொரு தாளிடமும் 'இந்தப் பாட்டு யாருடைய சொத்து?' என்ற ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே போனால் அவருடைய தொழில் வாழ்க்கை முழுவதும் வரிசையாக வந்து நிற்கும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

தாளைக் கண்டெடுத்தல்

ஒலித்தட்டு பரவலாவதற்கு முன்பு அமெரிக்காவில் பாட்டு என்றால் அது ஷீட் மியூசிக் என்னும் இசைத்தாள்தான். வீட்டுக் கூடத்தில் பியானோ வைத்திருந்த நடுத்தரக் குடும்பங்கள் அதை வாங்கிச் சென்று வாசித்துப் பாடின. அதை அச்சிட்டு விற்ற பதிப்பாளர்கள் மன்ஹாட்டனில் 28-ஆம் தெருவின் மேற்குப் பகுதியில் அடுத்தடுத்துக் கடை விரித்திருந்ததால், ஒரே நேரத்தில் பல பியானோக்கள் முழங்கும் இரைச்சலைத் தகரச் சட்டிகளைத் தட்டும் ஓசைக்கு ஒப்பிட்டு அந்தப் பகுதிக்கு 'டின் பேன் ஆலி' என்று பெயர் வைத்தார்கள். பிறகு அந்தத் தொழிலுக்கே அது பெயராகிவிட்டது. அங்கே 47 முதல் 55 வரை எண்ணிட்ட ஐந்து கட்டடங்களை நியூயார்க் நகரம் 2019-இல் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாக அறிவித்தது.

இந்தத் தாள்களைப் பார்க்க அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் லெஸ்டர் லெவி தொகுப்பிலும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையத் தொகுப்புகளிலும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். பாட்டின் பெயரைக் கொண்டு தேடுவதைவிட பாடலாசிரியர் பெயரோடு ஆண்டையும் சேர்த்துத் தேடுங்கள். புகழ்பெற்ற பாட்டுகளுக்கு நடுவே எவரும் நினைவில் வைத்திராத பத்துப் பாட்டுகளும் வரும், தொழில் வாழ்க்கையைச் சொல்பவை பெரும்பாலும் அந்தப் பத்துதான்.

தாள் கிடைத்ததும் அட்டைப்பட அழகில் மயங்கி நின்றுவிடாமல் நான்கு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அட்டையில் சொல் யாருடையது, இசை யாருடையது என்ற வரிகள். அட்டையின் அடியில் பதிப்பகத்தின் பெயரும் தெரு முகவரியும். இசை தொடங்கும் முதல் பக்கத்தின் கீழ் விளிம்பில் மிகச் சிறிய எழுத்தில் இருக்கும் பதிப்புரிமை வரி. பின்னட்டையில் விளம்பரமாக வரும் பிற பாட்டுகளின் பெயர்கள். பதிப்புரிமை வரியில் ஆண்டைச் சில பதிப்பகங்கள் ரோமன் எண்களில் அச்சிட்டிருக்கும். 1909-க்கும் 1911-க்கும் அங்கே வேறுபாடு கடைசி இரண்டு எழுத்துகள் இடம் மாறுவது மட்டுமே என்பதால், படத்தைப் பெரிதாக்கிப் பார்க்காமல் ஆண்டை எழுதிக்கொள்ளாதீர்கள்.

சொல் யாருடையது, மெட்டு யாருடையது

இங்கே தமிழ் வாசகருக்கு ஒரு தடுமாற்றம் வரும். நாம் பாடலாசிரியர் என்றால் வரிகளை எழுதியவரை மட்டும் நினைக்கிறோம். மெட்டமைத்தவர் இசையமைப்பாளர், அவர் வேறு ஆள். டின் பேன் ஆலியில் இரண்டு வேலைகளையும் செய்பவருக்கும் ஒன்றை மட்டும் செய்பவருக்கும் ஒரே தொழிற்பெயர்தான் வழங்கியது. இரண்டையும் செய்தவரைக் குறிக்க நம்மிடம் வாக்கேயக்காரர் என்ற நல்ல சொல் இருக்கிறது, ஆனால் அதில் கோயில் மணம் வீசுவதால் பெர்லினுக்குச் சூட்டினால் பொருந்தாது. ஆகவே உங்கள் குறிப்பேட்டில் 'பாடலாசிரியர்' என்று பொதுவாக எழுதாமல், ஒவ்வொரு பாட்டுக்கும் சொல், மெட்டு என இரண்டு கட்டங்கள் போடுங்கள்.

பெர்லின் விஷயத்தில் இந்த இரண்டு கட்டங்கள் ஒரு வளர்ச்சியையே காட்டிவிடும். 1907-இல் வெளிவந்த அவருடைய முதல் பாட்டு 'மேரி ஃப்ரம் சன்னி இத்தாலி'. அப்போது அவர் சைனாடவுன் பகுதியில் பெல் தெருவிலிருந்த பெலம் கஃபேயில் பாடிக்கொண்டே பரிமாறும் பணியாளர். பக்கத்து மதுக்கடையின் ஊழியர் எழுதிய இத்தாலியப் பாணிப் பாட்டு ஒன்று பேர் வாங்கிவிட்டதால், தம் கடைக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று முதலாளி கேட்க, கஃபேயின் பியானோக்காரர் மைக் நிக்கல்சன் மெட்டமைத்தார், பெர்லின் வரிகளை எழுதினார். தாளில் சொல் என்ற இடத்தில் மட்டும் 'ஐ. பெர்லின்' என்று இருக்கிறது. அதில் அவர் பங்குக்குக் கிடைத்தது 37 சென்ட் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

1909-இல் டெட் ஸ்னைடர் என்ற இசையமைப்பாளரின் பதிப்பகத்தில் வாரம் 25 டாலர் சம்பளத்துக்குச் சேர்ந்த பிறகு வந்த தாள்களில் பலவற்றில், சொல் பெர்லின், இசை ஸ்னைடர் என்று இருக்கும். 1911-க்கு வந்தால் இரண்டு கட்டங்களிலும் ஒரே பெயர்: சொல்லும் இசையும் இர்விங் பெர்லின்.

இந்த இடத்தில் எவரும் கேட்கக்கூடிய கேள்வி, இசைக்குறிப்பு எழுதத் தெரியாத ஒருவர் எப்படி இசை என்ற இடத்தில் பெயர் போட்டுக்கொண்டார் என்பது. பெர்லின் பியானோவில் பெரும்பாலும் கறுப்புக் கட்டைகளை வைத்து, எஃப் ஷார்ப் சுருதியில் மட்டுமே வாசித்தார். வேறு சுருதியில் கேட்க வேண்டுமானால் கைப்பிடி ஒன்றைத் திருப்பினால் உள்ளே இயக்கம் நகர்ந்துகொடுக்கும் விதமான பியானோவை வைத்திருந்தார்; விரல்கள் அதே கட்டைகளில் இருக்க, ஒலி வேறு சுருதியில் வரும். நம் ஆர்மோனியக்காரர்கள் கட்டையை மாற்றிக்கொள்வதற்காக விசைப்பலகையையே நகர்த்தும் பெட்டியை வைத்திருப்பது நினைவுக்கு வரலாம். அவர் பாடியும் வாசித்தும் காட்டியதைச் சம்பளத்துக்கு வைத்த எழுத்தர் இசைக்குறிப்பாக்கினார். ஆகவே அந்தத் தாளில் நாம் பார்க்கும் பியானோப் பகுதியின் கைவண்ணத்தில் பெயரில்லாத இன்னொருவரின் பங்கும் இருக்கலாம் என்பதை உங்கள் குறிப்பில் ஒரு வரி எழுதி வைப்பது நேர்மையாகும்.

ஒரு தாளை முழுவதும் படித்தல்

எல்லாத் தாள்களையும் ஒரே ஆழத்தில் படிக்க முடியாது. ஆனால் ஒன்றையாவது நிதானமாகப் படிக்க வேண்டும். 'அலெக்சாண்டர்ஸ் ராக்டைம் பேண்ட்' என்ற 1911 தாளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் இசைக்குழுவின் வண்ணப் படம் இருக்கும். பாடகி எம்மா கேரஸின் புகைப்படத்தைப் பதித்த படிகளும் உண்டு. அடியில் டெட் ஸ்னைடர் நிறுவனம், 112, மேற்கு 38-ஆம் தெரு என்ற முகவரி. உள்ளே இசை இரண்டு பகுதிகளாக இருக்கிறது: கதை சொல்லும் முதற்பகுதி, திரும்பத் திரும்ப வரும் பல்லவி போன்ற இரண்டாம் பகுதி.

இசைக்குறிப்பு படிக்கத் தெரியாவிட்டாலும் கவலையில்லை. ஒவ்வொரு வரியின் இடது ஓரத்திலும் சுருதியைக் குறிக்கும் அடையாளத்தை மட்டும் கவனியுங்கள். முதற்பகுதி முழுவதும் அந்த இடம் வெறுமையாக இருக்கும், அதாவது சி சுருதி. இரண்டாம் பகுதி தொடங்கியதும் சிறிய ஆங்கில எழுத்து 'பி' போன்ற ஒரு குறி தோன்றும், அதாவது எஃப் சுருதி. பாட்டின் நடுவில் சுருதி இப்படி மேலேறுவது அன்றைய சாதாரணப் பாட்டுத்தாளில் வழக்கமில்லாதது. கேட்பவருக்குக் கதவைத் திறந்து வெளிச்சத்துக்கு வந்தது போன்ற உணர்வு எழுவது இந்த இடத்தில்தான். பெயரில் ராக்டைம் என்ற கறுப்பின மக்களின் துள்ளல் இசைவகை இருந்தாலும், அந்த இசைக்குரிய தாளமுரண், அதாவது அடி எதிர்பாராத இடத்தில் விழுவது, இதில் மிகக் குறைவு. ராணுவ ஊதுகுழலின் அழைப்பு ஒலியும் பழைய நாட்டுப்புறப் பாணிப் பாட்டு ஒன்றின் சாயலும் உள்ளே செருகப்பட்டிருக்கின்றன. ஊரெல்லாம் பேசிய ஒரு பெயரைக் கவர்ச்சியாக வைத்து, எவரும் பாடக்கூடிய அணிவகுப்பு மெட்டைக் கொடுத்தார் என்பது என் கருத்து. தாள் சில மாதங்களிலேயே பத்து லட்சம் படிகளை எட்டியது என்கிறார்கள்.

இத்தகைய விற்பனை எண்களை எழுதும்போது 'என்கிறார்கள்' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். அவை பெரும்பாலும் பதிப்பாளர்கள் விளம்பரத்துக்காகச் சொன்னவை. இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது: '1911-இல் பத்து வாரம் முதலிடம்' என்ற பாணியில் இணையத்தில் உலவும் வரிசைப் பட்டியல்கள். பில்போர்டு பத்திரிகையின் சில்லறை விற்பனை வரிசைப் பட்டியலே 1940-இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கான இடங்கள் 1980-களில் ஒருவர் பலவகைத் தரவுகளைக் கொண்டு பின்னோக்கிக் கணித்தவை. அவற்றை அப்படியே எடுத்து எழுதுவது, அந்தக் காலத்தில் இல்லாத தராசில் நிறுத்த எடையைச் சொல்வதாகும்.

காலத்தை உறுதி செய்தல்

பதிப்புரிமை ஆண்டு என்பது பாட்டு பதிவான ஆண்டு. உங்கள் கையிலிருக்கும் படி அச்சான ஆண்டு அது என்று எண்ணிவிடக் கூடாது. இதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். இணையத்தில் ஒரு பழம்பொருள் விற்பனையாளரிடம் 1911-இன் முதல் அச்சு என்று சொல்லப்பட்ட தாள் ஒன்றை, தாளின் விலையைவிடத் தபால் செலவு அதிகமாக, வாங்கினேன். வந்த பிறகு பின்னட்டையைத் திருப்பிப் பார்த்தால், அங்கே விளம்பரம் செய்யப்பட்டிருந்த பாட்டுகளில் இரண்டு 1914-இல் வந்தவை. தாள் பழையதுதான், போலியும் இல்லை. மூன்று ஆண்டு கழித்து அச்சான மறுபதிப்பு, அவ்வளவுதான். அன்று முதல் பின்னட்டையின் படம் இல்லாத எதையும் நான் வாங்குவதில்லை.

காலத்தைக் கணிக்க இன்னும் இரண்டு துணைகள் உண்டு. ஒன்று, தாளின் அளவு: முதல் உலகப் போர்க் காலம் வரை தாள்கள் ஏறத்தாழ பத்தரை அங்குல அகலமும் பதின்மூன்றரை அங்குல உயரமும் கொண்டவை, போர்க்காலத்தில் காகிதத்தைச் சிக்கனப்படுத்தச் சுருங்கி, போர் முடிந்தபின் 9-க்கு 12 அங்குலம் என்பது வழக்கமாகிவிட்டது. இணையப் படத்தில் அளவு தெரியாது என்பதால் நூலகக் குறிப்பில் அதைத் தேட வேண்டும். இன்னொன்று, முகவரி. டெட் ஸ்னைடர் நிறுவனம் 38-ஆம் தெருவில் இருந்தது. அதன் தொடர்ச்சியான வாட்டர்சன், பெர்லின் அண்ட் ஸ்னைடர் 47-ஆம் தெரு முனையிலிருந்த ஸ்ட்ராண்ட் தியேட்டர் கட்டடத்துக்குப் போனது. 1920-களில் பெர்லினின் சொந்த நிறுவனத் தாள்களில் 1607, பிராட்வே என்று பார்ப்பீர்கள். நாடக அரங்குகள் வடக்கே நகர நகர, பாட்டு வியாபாரமும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போயிருக்கிறது.

இத்தனைக்கும் மேல் உறுதி வேண்டுமானால், அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் ஆண்டுதோறும் அச்சிட்ட பதிவுப் பட்டியல்களின் இசைப் பகுதியைப் பாருங்கள். அவை படமெடுக்கப்பட்டு இணைய ஆவணக் காப்பகத்தில் கிடைக்கின்றன. பாட்டின் பெயர், சொல், இசை, உரிமை கோரியவர், பதிவு நாள், பதிவு எண் எல்லாம் ஒரே பத்தியில் இருக்கும். படிப்பதற்கு வறட்சியானவை; ஆனால் எந்தக் கதையும் கலக்காதவை.

உரிமையாளர் மாறும் இடங்களைக் குறித்தல்

இப்போது தொகுத்த தாள்களை ஆண்டு வரிசையில் அடுக்கி, பதிப்பகத்தின் பெயரை மட்டும் மேலிருந்து கீழாக வாசியுங்கள். 1907-இல் ஜோசப் ஸ்டெர்ன் நிறுவனம். பெர்லினுக்கு அங்கே எந்த உரிமையும் இல்லை. 1909 முதல் டெட் ஸ்னைடர் நிறுவனம், சம்பளக்காரர். 1912-இல் நிறுவனத்தின் பெயரிலேயே பெர்லின் வந்துவிடுகிறார், பங்குதாரர். 1919 முதல் இர்விங் பெர்லின் இன்கார்ப்பரேட்டட், முதலாளி. பன்னிரண்டு ஆண்டுகளில் நடந்த இந்த ஏற்றம், மெட்டுகளில் நடந்த எந்த வளர்ச்சிக்கும் குறைந்ததல்ல.

ஏன் இது முக்கியம் என்று புரிய, ஒரு பாட்டுக்குப் பணம் எந்த வழிகளில் வந்தது என்று பார்க்க வேண்டும். இசைத்தாள் விற்றால் பாடலாசிரியருக்குப் படிக்குச் சில சென்ட் ராயல்டி, மீதி பதிப்பாளருக்கு. தானே வாசிக்கும் பியானோவுக்குள் பொருத்தும் காகிதச் சுருள்களுக்கும் ஒலித்தட்டுகளுக்கும் முதலில் ஒன்றுமே இல்லை. துளையிட்ட சுருள் என்பது இசையின் 'படி' ஆகாது என்று 1908-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு மாற்றாக 1909-ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு சுருளுக்கும் தட்டுக்கும் இரண்டு சென்ட் என்று விதித்தது. அந்த இரண்டு சென்ட் பதிப்புரிமை வைத்திருப்பவருக்கே போனது என்பதைக் கவனியுங்கள். உணவு விடுதிகளில் வாசிப்பதற்கும் பணம் கேட்க வேண்டும் என்று 1914 பிப்ரவரியில் பாட்டெழுதுவோரும் பதிப்பாளர்களும் சேர்ந்த ஆஸ்கேப் என்ற சங்கம் நியூயார்க்கில் தொடங்கப்பட்டபோது, பெர்லின் அதன் தொடக்க உறுப்பினர்களில் ஒருவர். சங்கத்தின் முன்னோடியான இசையமைப்பாளர் விக்டர் ஹெர்பர்ட், ஷான்லி என்ற உணவு விடுதியின் மீது தொடுத்த வழக்கில், விருந்தினரிடம் இசைக்கெனத் தனிக் கட்டணம் வாங்காவிட்டாலும் அவர்கள் கொடுக்கும் மொத்தப் பணத்தில் இசையின் விலையும் அடக்கம் என்ற கருத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஹோம்ஸ் 1917-இல் தீர்ப்பெழுதினார். ஆக, சட்டம் ஒவ்வொரு முறை புதிய வருமானக் கதவைத் திறந்தபோதும், வாசலில் பாட்டெழுதியவராகவும் பதிப்பாளராகவும் இரட்டை நாற்காலியில் பெர்லின் உட்கார்ந்திருந்தார். வெறும் பாட்டெழுதியாகவே நின்றுவிட்ட அவருடைய சமகாலத்தவர்களுக்கு இந்த வசதி இல்லை.

பாடியவர்களைத் தேடுதல்

அட்டையில் இருக்கும் பாடகரின் சிறிய புகைப்படம் அலங்காரத்துக்காக வைத்ததல்ல. அது ஒரு வியாபார உடன்பாட்டின் தடயம். பதிப்பகங்கள் 'பிளக்கர்' என்ற ஆட்களைச் சம்பளத்துக்கு வைத்து, வாட்வில் என்னும் பல்சுவை மேடைக் காட்சிகளின் பாடகர்களையும் உணவு விடுதி இசைக்குழுக்களையும் பிடித்துத் தங்கள் பாட்டைப் பாட வைத்தன. மலிவு விலைக் கடைகளில் பியானோ போட்டு வாசித்துக் காட்டின. பாடகருக்குப் படம் அச்சாகும் பெருமை, சிலசமயம் பணமும் உண்டு. ஒரே பாட்டின் வெவ்வேறு படிகளில் வெவ்வேறு பாடகர்களின் படங்கள் இருக்கும். அவற்றைத் திரட்டினால் அந்தப் பாட்டு எந்த மேடைகளைத் தொட்டது என்று தெரியும்.

ஒலித்தட்டுகளுக்கு, சாண்டா பார்பராவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் நடத்தும் அமெரிக்க வரலாற்று ஒலிப்பதிவுகளின் பட்டியலில் பெர்லினின் பெயரைத் தேடுங்கள்; எந்த நாளில், எந்த நிறுவனத்தில், யார் பாடினார் என்பது வரிசையாக வரும். 'அலெக்சாண்டர்' பாட்டை ஆர்தர் காலின்ஸும் பைரன் ஹார்லனும் 1911-லேயே விக்டர் என்ற ஒலித்தட்டு நிறுவனத்துக்குப் பாடியிருக்கிறார்கள். அந்தக் காலத்து விக்டர் தட்டுகள் பலவற்றைக் காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் கேட்கவும் முடியும். மேடை நாடகங்களுக்கு இணைய பிராட்வே தரவகம் போதும். 1914 டிசம்பரில் நியூ ஆம்ஸ்டர்டாம் அரங்கில் வெர்னன், ஐரீன் காசில் என்ற நடனத் தம்பதியருடன் வந்த 'வாட்ச் யுவர் ஸ்டெப்', அவர் முழுமையாக இசையெழுதிய முதல் மேடைக் காட்சி. 1921 செப்டம்பர் 22-இல் நாடகத் தயாரிப்பாளர் சாம் ஹாரிஸுடன் சேர்ந்து மியூசிக் பாக்ஸ் என்ற சொந்த அரங்கையே திறந்துவிட்டார். அவர் இறந்ததும் அதே மாதம் அதே தேதியில்தான் என்பதற்குப் பொருள் ஏதுமில்லை என்றாலும், குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

கசப்பான தாள்கள்

தேடும்போது கறுப்பின மக்களையும், இத்தாலியரையும், ஏன், பெர்லினின் சொந்த யூதச் சமூகத்தையும் கேலிச் சித்திரமாக்கும் அட்டைகளும் வரிகளும் கண்ணில் படும். அன்றைய வாட்வில் மேடையின் வாடிக்கை அது. இளம் பெர்லினும் அந்தச் சந்தைக்கு எழுதினார். இவற்றை ஒதுக்கிவிட்டு எழுதினால் 1907 முதல் 1911 வரையிலான அவருடைய வேலையில் பெரும்பகுதி காணாமல் போய்விடும். இருப்பதை இருப்பதாகப் பதிவு செய்து, எந்தப் பார்வையாளரை நோக்கி எழுதப்பட்டது என்று ஒரு வரி சேர்ப்பதே முறை. இதோடு சேர்ந்த இன்னொரு செய்தி, 'அலெக்சாண்டர்' பாட்டின் ஒரு பகுதி தமது ஆப்பராவிலிருந்து எடுக்கப்பட்டது என்று ராக்டைம் மேதை ஸ்காட் ஜாப்ளின் மனம் குமைந்ததாக அவருக்கு நெருக்கமானவர்கள் சொன்னது. அதை உண்மை என்றும் பொய் என்றும் தீர்ப்பெழுதாமல், குற்றச்சாட்டு என்ற பெயரிலேயே எழுதுங்கள்.

இப்போது வாழ்க்கை வரலாற்றைத் திறக்கலாம்

அட்டவணை கையில் இருந்தால் கதைகள் உங்களை ஏமாற்ற முடியாது. பெய்லின் என்ற குடும்பப் பெயர் பெர்லின் ஆனது அச்சுக்கோப்பவரின் பிழை என்று ஒரு கதை உண்டு. தாளில் நமக்குத் தெரிவது 1907-இல் அச்சான பெயர் மட்டுமே. 1909-இல், இத்தாலிய ஓட்டக்காரர் டொராண்டோவைப் பற்றி வரிகள் மட்டும் எழுதி எடுத்துப் போனவரிடம், மெட்டும் இருக்கிறதல்லவா என்று பதிப்பக முதலாளி கேட்க, இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போகும் வழியிலேயே மெட்டை உண்டாக்கினார் என்பது இன்னொரு கதை. கேட்க நன்றாக இருக்கிறது, நடந்திருக்கவும் கூடும். அந்தப் பாட்டின் தாளில் சொல், மெட்டு கட்டங்களைப் பார்த்துவிட்டு, கதையைக் கதை என்று குறிப்பிட்டே சேர்த்துக்கொள்ளலாம்.

சொந்த வாழ்க்கையைப் பாட்டில் தேடுவதிலும் நிதானம் வேண்டும். 1912 பிப்ரவரியில் திருமணம் செய்துகொண்ட டாரதி கோட்ஸ், கியூபாவில் தேனிலவின்போது தொற்றிய டைஃபாய்டு காய்ச்சலால் அதே ஆண்டு ஜூலையில் இறந்தார். அதே ஆண்டில் வந்த 'வென் ஐ லாஸ்ட் யூ' அந்தத் துயரத்திலிருந்து பிறந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதை வைத்து அடுத்த பத்தாண்டு காதல் பாட்டுகளையெல்லாம் அவருடைய நாட்குறிப்பாகப் படிக்கத் தொடங்கினால் தடுக்கி விழுவோம்; அவர் சந்தைக்கு எழுதியவர். மாறாக, 1925-ஆம் ஆண்டுப் பாட்டான 'ஆல்வேஸ்' என்பதன் உரிமையை, 1926 ஜனவரியில் மணந்துகொண்ட எலின் மக்கேக்குத் திருமணப் பரிசாகக் கொடுத்தார் என்பது உரிமை மாற்றம் பற்றிய செய்தி. வரிகளில் ஊகிக்கும் காதலைவிட அது திடமான சான்று.

எழுதி முடித்ததை வெளியிடும்போது எதை அப்படியே படமாகச் சேர்க்கலாம் என்ற கேள்வி வரும். அமெரிக்காவில் வெளியாகி 95 ஆண்டு முடிந்த இசைத்தாள்கள் அடுத்த ஜனவரி முதல் நாளில் பொதுவுடைமையாகின்றன. இந்தியச் சட்டத்தின் பொது விதியோ எழுதியவரின் ஆயுளும் அதன் பின் 60 ஆண்டும் என்று வேறு அளவுகோலை வைத்திருக்கிறது; பெர்லின் 1989 வரை வாழ்ந்தவர். அமெரிக்கத் தளத்தில் உரிமைத் தடை இல்லை என்று எழுதியிருந்தால் அது அந்த நாட்டுக் கணக்கு என்பதை நினைவில் வைத்து, அட்டைப்படத்தோடும் தரவுகளோடும் நின்றுகொண்டு, முழு வரிகளையும் எடுத்துப் போடாமல் இருப்பதே எனக்குப் பாதுகாப்பாகத் தோன்றுகிறது.

கடைசியாக ஒரு பயிற்சி. 1917-இல் வாட்டர்சன், பெர்லின் அண்ட் ஸ்னைடர் வெளியிட்ட 'ஸ்மைல் அண்ட் ஷோ யுவர் டிம்பிள்' என்ற தாளையும், 1933-இல் 'ஆஸ் தவுசண்ட்ஸ் சியர்' மேடைக்காட்சிக்காக வந்த 'ஈஸ்டர் பரேட்' என்ற தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவது எவரும் கண்டுகொள்ளாமல் போனது; இரண்டாவது இன்றும் பாடப்படுகிறது. முதல் சில சுரங்களை விரலால் தொட்டுக்கொண்டே போனால் இரண்டும் ஒரே மெட்டு என்பது தெரிந்துவிடும். பிறகு அட்டைகளின் அடிவரியைப் பாருங்கள்: முதலாவதில் அவர் மூன்று பெயர்களில் ஒருவர், இரண்டாவதில் அவர் பெயர் மட்டும். அதற்கடுத்து, அன்றைய சட்டப்படி 28 ஆண்டு முடிவதற்குள் பதிப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது என்பதால், 1917 தாளுக்கு 1945-ஐ ஒட்டிய புதுப்பிப்புப் பட்டியலைத் திறந்து, உரிமை கோரியவர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று தேடுங்கள். அட்டவணையில் நீங்கள் நிரப்ப வேண்டிய அடுத்த கட்டம் அதுதான்.